கோதுமை ரெக்டருக்கு, முட்டை விக்கருக்கு

பழைய ஆங்கில நாவல்களில் பாதிரியார் இல்லாத ஊரே கிடையாது. ஒரு கதையில் அவர் ரெக்டர், இன்னொன்றில் விக்கர், மற்றொன்றில் நைந்த கோட்டு அணிந்த கியூரேட். அவர்களைச் சுற்றி சர்ச் வார்டன், கான்ஸ்டபிள், ஷெரீஃப், கொரோனர் என்று ஒரு கூட்டமே நடமாடும். அலுவலகப் படிநிலைகளுக்குப் பழகிய நம் மனது இவர்களையும் ஓர் ஏணியில் ஏற்றி நிறுத்திவிடுகிறது. கீழ்ப்படியில் கியூரேட், நடுவில் விக்கர், மேலே ரெக்டர். ரெக்டர் சொன்னால் விக்கர் கேட்க வேண்டும், நல்லபடி நடந்துகொண்டால் விக்கருக்கு ஒருநாள் ரெக்டராகப் பதவி உயர்வு கிடைக்கும் என்றே நினைத்துக்கொண்டு படிக்கிறோம். கதை தடையில்லாமல் ஓடிவிடுவதால், அது தவறான எண்ணம் என்று தெரிய வாய்ப்பே வருவதில்லை.

தேநீரை ஊற்றிக்கொண்டு அந்த ஏணியைக் கொஞ்சம் அப்பால் நகர்த்தி வைப்போம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பெயரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: இவருக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் பழைய பதவிப் பெயர்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. யார் உயர்ந்தவர் என்ற கேள்விக்கு அவை பதிலே சொல்வதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டத்துக்கு மூன்றே படிகள்தான்: டீக்கன், குரு, பிஷப். கேன்டர்பரியின் தலைமைப் பேராயர்கூட பட்டத்தால் பிஷப்தான். அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. பட்டம் வேறு, பதவி வேறு. எம்.பி.பி.எஸ். முடித்தவர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கலாம், ஆலை ஒன்றின் டாக்டராகலாம், விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாகச் சில மாதம் உட்காரலாம். வேலையும் சம்பளமும் மாறும், அவர் படித்த பட்டம் மாறாது. அதைப் போலத்தான் இதுவும். ரெக்டர், விக்கர், கியூரேட் மூவருமே ஒரே பட்டம் பெற்ற குருக்கள். மூவரும் ஒரே மாதிரி ஞானஸ்நானம் கொடுப்பார்கள், திருமணம் நடத்துவார்கள், நற்கருணை வழங்குவார்கள், இறந்தவரை அடக்கம் செய்வார்கள். பீடத்தின் முன் நிற்கும்போது அவர்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை. களத்துமேட்டுக்கு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆகவே நாமும் களத்துமேட்டுக்குப் போவோம். நிலத்தில் விளைவதில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது தசமபாகம். நம் ஊர்ச் சபைகளில் இன்று அது மனமுவந்து கொடுக்கும் காணிக்கை. அன்றைய இங்கிலாந்தில் அது சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய ஒன்று. 10ஆம் நூற்றாண்டில் எட்கர் மன்னரின் சட்டம், கொடுக்காதவர்களுக்குத் தண்டனையும் விதித்தது. பணமாக அல்ல, பொருளாகவே கொடுக்க வேண்டும்: அறுத்த கோதுமையில் பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு, பிறந்த ஆட்டுக்குட்டிகளில் பத்துக்கு ஒன்று. இது ஒவ்வொரு பாரிஷிலும் நடந்தது. திருநெல்வேலிப் பக்கம் சேகரம் என்றும், கத்தோலிக்கர் பங்கு என்றும் சொல்கிறார்களே, ஒரு குருவின் பொறுப்பில் உள்ள அந்த வட்டாரம்தான் பாரிஷ்.

ஒரு சேகரத்தின் தசமபாகம் முழுவதும் யாருக்குச் சொந்தமோ அவர் ரெக்டர். அவ்வளவுதான். அதோடு கோயில் மானிய நிலமும் அவர் வசம் இருக்கும். பதிலுக்கு அவர் ஊராரின் ஆன்ம நலனைக் கவனிக்க வேண்டும். கோயிலில் பீடம் இருக்கும் பகுதியைத் தன் செலவில் பழுதுபார்க்க வேண்டும். மக்கள் நின்று தொழும் பகுதியைப் பழுதுபார்ப்பது ஊராரின் பொறுப்பு. ரெக்டரை நியமிக்கப் பெயர் கொடுக்கும் உரிமை பெரும்பாலும் அந்தக் கோயிலைக் கட்டிய நிலப்பிரபுவின் வாரிசுகளிடம் இருந்தது. அந்த உரிமையே ஒரு சொத்து. தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும், விற்கலாம், வாங்கலாம்.

இனி விக்கர் எப்படி வந்தார் என்று பார்ப்போம். 12ஆம் நூற்றாண்டு வாக்கில் நிலப்பிரபுக்கள் பலர், தங்கள் ஆன்மா கடைத்தேற வேண்டும் என்று, தங்கள் ஊர்க் கோயிலை ஏதாவதொரு மடத்துக்கு எழுதிவைத்தார்கள். கோயில் போனால் தசமபாகமும் கூடவே போகும். ஆக, மடமே அந்த ஊருக்கு ரெக்டர் ஆகிவிட்டது. ஐம்பது மைல் தள்ளி இருக்கும் மடத்துத் துறவிகளா ஒவ்வொரு ஞாயிறும் வந்து பூசை செய்வார்கள்? தங்களுக்குப் பதிலாக ஒரு குருவை உட்காரவைத்தார்கள். அப்படிப் பதிலாள் ஆனவர்தான் விக்கர்.

பதிலாளுக்கு மடங்கள் கொடுத்தது சொற்பம். நினைத்தபோது அனுப்பியும் விட்டார்கள். இது பெரிய முறைகேடாக வளர்ந்ததால், ரோமில் 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் தலையிட்டது. பதிலாள் நிரந்தரமானவராக இருக்க வேண்டும், அவர் பிழைக்கப் போதுமான பங்கைக் கோயில் வருமானத்திலிருந்தே ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது. அதன்படி இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. தானியம், காய்ந்த புல், மரம் ஆகியவை பெரிய தசமபாகம், அவை மடத்துக்கு. ஆட்டுக்குட்டி, கம்பளி, பால், கோழிமுட்டை, பழம், தேன் ஆகியவை சிறிய தசமபாகம், அவை விக்கருக்கு.

இந்தப் பிரிவினையில் எனக்கு எப்போதும் விக்கர் மேல்தான் இரக்கம். மடத்தின் ஆள் அறுவடை நாளில் வண்டியோடு வந்து, கட்டுகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் என்ற ஊரில், ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்துக்குச் சொந்தமாயிருந்த 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. தசமபாகக் களஞ்சியம் என்றே அதைச் சொல்கிறார்கள். அதன் நீளத்தைப் பார்த்தாலே மடங்களின் வரும்படி புரியும். விக்கருக்கோ வருமானம் ஆண்டு முழுவதும் சொட்டுச் சொட்டாக, வீடு வீடாக வர வேண்டும். யாருடைய கோழி எத்தனை முட்டை இட்டது, யாருடைய மரத்தில் எத்தனை ஆப்பிள் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் மனக்கசப்பு, கேட்காவிட்டால் பட்டினி. ஞாயிற்றுக்கிழமை அதே மக்களுக்குப் பிரசங்கமும் செய்தாக வேண்டும். புதுப் பயிர் ஒன்று ஊருக்குள் வந்தால் அது பெரியதில் சேருமா, சிறியதில் சேருமா என்று வழக்கு மன்றம்வரை போனார்கள்.

நாம் முதலில் நகர்த்திவைத்த ஏணி ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். விக்கருக்கு மேல் அதிகாரியாக ரெக்டர் எந்த ஊரிலும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு ஊருக்கு ரெக்டர் இருப்பார், பக்கத்து ஊருக்கு விக்கர் இருப்பார். அவரவர் சேகரத்தில் அவரவரே பொறுப்பு. இருவருக்கும் மேலே பிஷப். வருமானத்திலும் ரெக்டர்தான் எப்போதும் மேல் என்று சொல்ல முடியாது. சிறிய, வறண்ட ஊரின் முழுத் தசமபாகத்தைவிட, செழிப்பான பெரிய ஊரின் சிறிய தசமபாகம் கூடுதலாக இருந்ததும் உண்டு. ஆகவே நாவலில் ஒருவர் விக்கர் என்று வந்தால், அவர் திறமை குறைந்தவர் என்றோ இளையவர் என்றோ பொருளில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு அந்த ஊர்க் கோயிலை யாரோ ஒரு மடத்துக்கு எழுதிவைத்தார் என்பதுதான் பொருள். அந்தப் பெயர் ஊரின் சரித்திரத்தைச் சொல்கிறது. ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கியூரேட்டுக்குத் தசமபாகத்தில் பங்கே இல்லை, சம்பளம் மட்டும்தான். ரெக்டரோ விக்கரோ வேறு ஊரில் வசித்தால், அல்லது வேலை அதிகமாக இருந்தால், சம்பளத்துக்கு ஒரு குருவை வைத்துக்கொள்வார். இன்னொரு வகையும் உண்டு. சில ஊர்களில் பெரியதும் சிறியதுமாகத் தசமபாகம் முழுவதையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட, அங்கிருந்த குருவுக்கு ஒரு நிலையான தொகை மட்டுமே மிஞ்சியது. அவர் அந்த ஊரின் முழுப்பொறுப்புக் குரு, யாராலும் சுலபமாக நீக்க முடியாதவர். ஆனாலும் பெயர் நிரந்தர கியூரேட். ஆன்டனி டிரோலப்பின் நாவல்களில் வரும் கிராலி இப்படிப்பட்டவர்தான். பெரிய படிப்பாளி, ஆண்டுக்கு 130 பவுண்டில் குடும்பம் நடத்தத் தவிக்கிறார். அவரை யாரோ ஒருவரின் உதவியாளராக நினைத்துப் படித்தால் அவருடைய கோபமும் தன்மானமும் நமக்குப் பிடிபடாமல் போய்விடும்.

இயற்கை வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் கில்பர்ட் ஒயிட்டை அறிந்திருப்பார்கள். செல்போர்ன் என்ற தன் கிராமத்தின் பறவைகளையும் செடிகளையும் பற்றி 1789இல் அவர் வெளியிட்ட நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அவரை அந்த ஊரின் விக்கர் என்று சொல்லிவிடுபவர்கள் பலர். அவர் அங்கே கியூரேட்டாக மட்டுமே இருந்தார். செல்போர்ன் கோயிலுக்கு ஆளை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரியிடம் இருந்தது. ஒயிட்டோ ஓரியல் கல்லூரிக்காரர். எவ்வளவு தகுதி இருந்தும், பிறந்த ஊரின் பொறுப்பு அவர் கைக்கு முழுதாக வரவில்லை.

எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கலைத்தபோது இந்தக் கதை இன்னொரு திருப்பம் கண்டது. மடங்களின் நிலத்தோடு அவற்றின் ரெக்டர் உரிமையும் மன்னரிடம் வந்தது. அவர் அதை அரசவையினருக்கும் வணிகர்களுக்கும் விற்றார். அப்படி வாங்கிய குடும்பத் தலைவர்கள் குருப்பட்டம் பெறாமலேயே ரெக்டர் ஆனார்கள். பெரிய தசமபாகம் அவர்களுக்கு. அதோடு ஒட்டிய கடமையும், அதாவது பீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் செலவும், அவர்களுக்கே. விக்கர் தன் முட்டைகளோடு பழையபடியே தொடர்ந்தார்.

அந்தக் கடமை எத்தனை காலம் உயிரோடு இருந்தது என்பதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வாரிக்‌ஷர் பகுதியில் ஆஸ்டன் கேன்ட்லோ என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தம்பதியின் பண்ணையில் இருந்த நிலத்தில் ஒரு பகுதி, 18ஆம் நூற்றாண்டில் தசமபாகத்துக்கு ஈடாக அந்த ஊர் ரெக்டருக்கு ஒதுக்கப்பட்டது. நிலத்தை வைத்திருப்பவரே ரெக்டர் என்பதால், கோயிலின் பீடப் பகுதியை நீங்கள்தான் பழுதுபார்க்க வேண்டும் என்று சபை அவர்களைக் கேட்டது. வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. 2003இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. கட்ட வேண்டிய தொகை ஒன்றரை லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இது பெரும் கொடுமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சட்டத்தின் கணக்கு நேரானது: விளைச்சலின் பங்கு யாருக்கோ, பொறுப்பும் அவருக்கு.

தசமபாகமே இன்று இல்லை. 1836இல் வந்த சட்டம் அதைப் பொருளிலிருந்து பணத்துக்கு மாற்றியது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் விலையை வைத்து ஆண்டுத் தொகை கணக்கிட்டார்கள். அந்தத் தொகையையும் 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. நிரந்தர கியூரேட்டுகள் தங்களை விக்கர் என்று அழைத்துக்கொள்ள 1868இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆகவே இன்று இங்கிலாந்தில் ஒரு ரெக்டரும் ஒரு விக்கரும் அருகருகே இருந்தால், பெரும்பாலும் பெயர்ப் பலகையில் மட்டும்தான் வேறுபாடு.

இதே கேள்வியை அரசாங்கப் பக்கமும் எடுத்துச் செல்லலாம். அங்கே தொடக்கம் மன்னரின் வீடு. கான்ஸ்டபிள், மார்ஷல் ஆகிய இரண்டு பெயர்களும் குதிரை லாயத்தில் பிறந்தவை. கான்ஸ்டபிள் லாயத்தின் மேலாளர், மார்ஷல் குதிரை பார்க்கும் வேலையாள். குதிரை இருந்த இடத்தில்தான் படையும் இருந்தது என்பதால் இரண்டுமே பெரும் பதவிகளாக வளர்ந்தன. பிரான்ஸில் கான்ஸ்டபிள் என்றால் மொத்தப் படைக்கும் தலைவர். இங்கிலாந்திலும் அந்தப் பெயரில் ஒரு மாபெரும் பதவி இருந்தது. அதை வகித்த பக்கிங்ஹாம் பிரபு 1521இல் தலை வெட்டப்பட்ட பிறகு, அது முடிசூட்டு விழாவுக்காக மட்டும் நிரப்பப்படும் பதவியானது. மார்ஷல் பதவியோ 1672 முதல் நார்ஃபோக் பிரபுக்களின் பரம்பரைச் சொத்து. 2022இல் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்கையும் 2023இல் சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டலையும் ஏற்பாடு செய்தவர் அந்தக் குடும்பத்தவர்தான். அவர்கள் கத்தோலிக்கர்கள்; நடத்திவைப்பதோ ஆங்கிலிக்கன் சடங்கு.

இந்த இரண்டு லாயப் பெயர்களும் நம்மிடம் வந்து சேர்ந்த இடங்களைப் பாருங்கள். ஃபீல்டு மார்ஷல் என்றால் குன்னூர் வெலிங்டனில் மறைந்த மானெக்‌ஷா நினைவுக்கு வருகிறார். கான்ஸ்டபிள் என்றால் சாலை முனையில் நிற்கும் காவலர். தலைகீழாக இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இங்கிலாந்திலேயே மாவட்டக் காவல்படைகள் பலவற்றின் தலைவர்களுக்குப் பெயர் சீஃப் கான்ஸ்டபிள்தான்.

சாலை முனைக் காவலருக்கு அந்தப் பெயர் வந்தது சேகரத்தின் வழியாக. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கோயிலும் அரசும் சந்தித்த இடம் அதுதான். ஊரார் தங்களுக்குள் ஒருவரைக் கான்ஸ்டபிளாகவும், இருவரைச் சர்ச் வார்டன்களாகவும், ஒருவரைச் சாலைக் கண்காணிப்பாளராகவும் ஆண்டுதோறும் போட்டார்கள். 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளுக்கான மேற்பார்வையாளர்களும் சேர்ந்தார்கள். இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கோயில் உடை வைக்கும் அறையில் கூடி வரி போடுவார்கள், ஏழைக்கு ரொட்டி கொடுப்பார்கள், திருடனைப் பிடிப்பார்கள். பயிரைக் கெடுக்கும் காகத்தின் தலைக்கும் முள்ளெலியின் தலைக்கும் சர்ச் வார்டன் காசு கொடுக்க வேண்டும் என்று டியூடர் காலச் சட்டம் சொன்னது. சாமி காரியம் எது, சர்க்கார் காரியம் எது என்று அந்த அறையில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஷெரீஃப் கதையில் சாப்பாட்டுக் கேள்வி மறுபடி வெளிப்படையாக வருகிறது. அவர் ஒரு மாவட்டத்தில் மன்னரின் காரியஸ்தர். அந்த மாவட்டத்தின் அரச வருமானத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒப்புக்கொண்டு குத்தகை எடுப்பார். அதற்கு மேல் வசூலானது அவருக்கு. ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரின்போதும் மைக்கேல் தூதர் திருநாளின்போதும், கணக்கு ஒப்புவிக்க வர வேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் கட்டம் போட்ட துணி. கட்டங்களில் காய்களை நகர்த்திக் கூட்டிக் கழிப்பார்கள். எழுத்தறியாத ஷெரீஃபும் கண்ணால் பார்த்துக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். அந்தக் கட்டம் போட்ட துணியிலிருந்து வந்த பெயர்தான் எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் எக்ஸ்செக்கரின் சான்ஸலர். செலுத்திய தொகைக்கு ரசீது, வெட்டுக்குறி போட்டு இரண்டாகப் பிளந்த ஒரு குச்சி. குவிந்து கிடந்த அந்தப் பழைய குச்சிகளை 1834இல் எரிக்கப்போய்த்தான் நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது.

குத்தகை என்றால் கொள்ளைக்கு வழி திறந்துவிடும். 1170இல் இரண்டாம் ஹென்றி விசாரணை நடத்தி ஷெரீஃப்களில் பெரும்பாலோரை மாற்றினார். அதுவும் போதவில்லை. 1194இல், ரிச்சர்ட் மன்னரைச் சிறைமீட்கத் திரட்டிய பெரும் தொகையால் நாடு நலிந்திருந்த நேரத்தில், மன்னருக்குச் சேர வேண்டியதைத் தனியாகக் குறித்துவைக்க மாவட்டந்தோறும் சிலரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர்களே கொரோனர்கள். அவர்களைச் சாவு விசாரிக்கிறவர்களாகத்தான் நாம் அறிவோம். சாவில் மன்னருக்கு என்ன வருமானம் என்று கேட்கத் தோன்றும். கொலைகாரனின் உடைமைகள் மன்னருக்குச் சேரும். வண்டி மோதியோ குதிரை உதைத்தோ ஒருவர் இறந்தால் அந்த வண்டியின், குதிரையின் விலையும் மன்னருக்கே. 1841இல் சோனிங் அருகே ரயில் தடம்புரண்டு ஒன்பது பேர் இறந்தபோது, கொரோனரின் ஜூரி அந்த ரயிலுக்கு ஆயிரம் பவுண்டு என்று விலை போட்டது. ரயில் கம்பெனிகள் பெருகிவந்த அந்தக் காலத்தில், 1846இல், நாடாளுமன்றம் அந்த வழக்கத்தை ஒழித்தது.

உரிமையாளர் தெரியாமல் மண்ணில் கிடைக்கும் பொன்னும் வெள்ளியும் மன்னருடையவை; அவற்றைக் குறித்துவைப்பதும் கொரோனரின் வேலை. அது இன்னும் போகவில்லை. இங்கிலாந்தில் ஒருவர் வயலில் பழைய தங்கக் காசுப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 14 நாளுக்குள் அவர் தகவல் சொல்ல வேண்டியது அந்த மாவட்டத்தின் கொரோனருக்கு. சாவுக்கு விசாரணை வைப்பதுபோலவே அந்தக் காசுகளுக்கும் அவர் விசாரணை வைத்து, அவை புதையல்தானா என்று தீர்ப்புச் சொல்வார்.